நோய் வரைபடத்தை யார் பார்த்துக்கொள்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் நோய் வரைபடங்கள் (ஒரு நோயில் செல்லுக்குள் எது எதைத் தூண்டுகிறது, எது எதைத் தடுக்கிறது என்று அம்புக்குறிகளால் காட்டும் படங்கள்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்குத் தமிழில் அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிது. எழுதியவருக்கு நன்றி. ஒரு வரி மட்டும் உறுத்தியது. செல்லுக்குள் நடப்பதையெல்லாம் கணினியே வரைபடமாக்கித் தந்துவிடுகிறது என்று அதில் இருந்தது. அப்படியில்லை, ஐயா. ஆய்வுக் கட்டுரைகளை உட்கார்ந்து படித்து, ஒவ்வோர் அம்புக்குறியாக மனிதர்கள்தான் போடுகிறார்கள். போட்டு முடித்ததை இணையத்தில் ஏற்றி, யாருக்கு எந்த அனுமதி என்று பார்த்து, பழுது நீக்கி, திறந்து வைத்திருக்க இன்னும் சிலர் வேண்டும். கோவையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த வேலையைப் பார்ப்பவள் நான். கட்டுரையில் வராத அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு உயிரியல் பன்னிரண்டாம் வகுப்போடு சரி. எம்.சி.ஏ. முடித்துவிட்டு, சர்வர் பார்ப்பதற்காகத் தொகுப்பூதியத்தில் வந்தேன். இன்றைக்கும் தொகுப்பூதியம்தான். எங்களிடம் ஓடுவது ‘மினர்வா’ என்ற மென்பொருள். லக்ஸம்பர்க் பல்கலைக்கழகத்தின் சிஸ்டம்ஸ் பயோமெடிசின் மையத்தில் உருவானது. இலவசம், மூலநிரலும் திறந்தது. யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவி, தங்கள் வரைபடத்தை ஏற்றிக்கொள்ளலாம். அந்த மையமும் டோக்கியோவில் உள்ள சிஸ்டம்ஸ் பயாலஜி இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்து உருவாக்கிய பார்கின்சன் நோய் வரைபடத்தைப் பார்த்துத்தான் எங்கள் ஆய்வாளர்களும் ஆசைப்பட்டார்கள். வரைவதற்கு அவர்கள் பயன்படுத்தும் ‘செல்டிசைனர்’ மென்பொருளும் அந்த டோக்கியோ நிறுவனத்திலிருந்து வந்ததுதான்.

திரையில் பார்த்தால் கூகுள் மேப்பில் ஊர் பார்ப்பது போலவே இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது உட்கரு, மைட்டோகாண்ட்ரியா என்று பெரிய பகுதிகள் மட்டும் தெரியும். நெருங்க நெருங்கப் புரதங்களும் மரபணுக்களும் அவற்றை இணைக்கும் அம்புகளும் வரும். பார்கின்சன் வரைபடத்தில் மைட்டோகாண்ட்ரியா பக்கம் போனால் ‘பிங்க்1’ என்ற புரதம் இருக்கும். மைட்டோகாண்ட்ரியா நல்ல நிலையில் இருக்கும்வரை பிங்க்1 உள்ளே இழுக்கப்பட்டு அழிக்கப்பட்டுவிடும். அதன் சவ்வில் மின்னழுத்தம் குறைந்தால், பிங்க்1 வெளிச்சுவரிலேயே தங்கி, ‘பார்க்கின்’ என்ற இன்னொரு புரதத்தை அழைக்கும். பார்க்கின் வந்து யுபிக்விடின் என்ற அடையாளத்தை ஒட்டும். அடையாளம் ஒட்டிய மைட்டோகாண்ட்ரியாவைச் செல் தின்று தீர்த்துவிடும். இந்த இரண்டு புரதங்களுக்கான மரபணுக்களில் எதில் பழுது வந்தாலும் இளம் வயதிலேயே பார்கின்சன் வர வாய்ப்புண்டு. இதெல்லாம் எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொன்னதல்ல. எந்த அம்பின் மேல் கிளிக் செய்தாலும் இடது பக்கம் அதற்கு ஆதாரமான ஆய்வுக் கட்டுரையின் எண் வரும். அதைப் பிடித்துக்கொண்டு போய்ப் படித்ததுதான்.

அந்த எண் வராத அம்பு வெறும் கோடு. என் வேலையில் பெரும்பகுதி அதைச் சுற்றித்தான்.

ஒரு வரைபடத்தை ஏற்றும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். புராஜெக்டுக்கு ஒரு குறியீடு, எந்த நோய், எந்த உயிரினம், மாற்றம் ஏதும் நடந்தால் தகவல் அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரி. நோய்க்கும் உயிரினத்துக்கும் உலகம் முழுக்கப் பொதுவான எண்கள் உண்டு. பார்கின்சனுக்கு டி010300, மனிதனுக்கு 9606. ‘தானாகக் குறிப்பு சேர்’ என்ற கட்டத்தை டிக் செய்து ஏற்றினால், மென்பொருள் ஒவ்வொரு பெயரையும் எடுத்துக்கொண்டு மரபணுப் பெயர்களின் பதிவேடு, யூனிப்ராட் என்ற புரதக் களஞ்சியம் என்று கதவு கதவாகத் தட்டிவிட்டு வரும். பெரிய வரைபடமென்றால் நன்றாகவே நேரமாகும். முடிந்ததும் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றைக் கையில் தரும். இந்தப் பெயருக்கு ஆள் கிடைக்கவில்லை, இந்த எண் புரதத்துக்கு உரியதல்ல, இந்த வினைக்கு ஆதாரமே இல்லை. அதை எடுத்துக்கொண்டு ஆய்வாளர்களிடம் போனால், மளிகைக்கடைப் பாக்கிச் சீட்டைக் கண்டவர்கள் மாதிரி முகம் மாறும்.

பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பது தனிக் கதை. மேலே சொன்ன பார்க்கினின் மரபணு முன்பு ‘பார்க்2’. இப்போது ‘பிஆர்கேஎன்’. பழைய கட்டுரையைப் படித்தவர் பழைய பெயரில் வரைந்திருப்பார், புதியவர் புதிய பெயரில். வரைபடத்தில் ஒரே புரதம் இரண்டு ஆளாக நிற்கும்.

இதைவிட வேடிக்கை ஒன்று சொல்கிறேன். நோயாளியின் திசுவில் எந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறது, எது குறைவாக என்று அளந்த பட்டியலைக் கொடுத்தால், மினர்வா அதை வரைபடத்தின் மேல் நிறமாகப் பூசிக் காட்டும். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வசதி. ஒருநாள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்து, “அக்கா, செப்ட்5 மட்டும் கலரே வரலை, சர்வர்ல ஏதோ கோளாறு” என்றாள். எதற்கெடுத்தாலும் சர்வர்தான் குற்றவாளி என்பது எங்கள் கூடத்தில் எழுதாத சட்டம். கோப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். செப்ட்5 இருக்க வேண்டிய இடத்தில் ‘5-செப்’ என்று இருந்தது. எக்செல் அதைத் தேதியாக்கிவிட்டிருக்கிறது. நம் ஊருக்கு அது ஆசிரியர் தினம். வரைபடத்தில் ஆசிரியர் தினம் என்று ஒரு புரதம் இல்லையே! செப்ட்5 ஏனோதானோ மரபணுவும் இல்லை. பார்க்கின் அடையாளம் ஒட்டும் புரதங்களில் ஒன்று என்று 2000-லேயே கண்டறியப்பட்டது.

அந்த மாணவியை நான் குறை சொல்ல மாட்டேன். 2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மரபணுவியல் இதழ்களில் வெளியான எக்செல் பட்டியல்களை அலசிப் பார்த்தபோது, மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருந்தது. பெயர் வைக்கும் அமைப்பே 2020-ல் இறங்கி வந்து, செப்ட், மார்ச் வகையறா மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. செப்ட்5 இப்போது ‘செப்டின்5’. அன்றைக்கு எக்செல் மாறவில்லை, மரபணு மாறிக்கொண்டது! பெயர் மாறியதால் எங்கள் வரைபடத்தில் மறுபடியும் எச்சரிக்கைப் பட்டியல். அதைச் சரிசெய்ய ஆள்?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது.

மினர்வாவில் இன்னொரு நல்ல வசதி, யார் வேண்டுமானாலும் வரைபடத்தின் எந்த இடத்திலும் வலது கிளிக் செய்து கருத்து எழுதலாம். அந்த இடத்திலேயே ஒரு குண்டூசி நிற்கும். சில மாதங்களுக்கு முன் வெளிமாநில மருத்துவர் ஒருவர் எங்கள் வரைபடத்தில் அப்படி எழுதியிருந்தார். இந்த அம்புக்கு நீங்கள் காட்டும் கட்டுரை சுண்டெலி செல்லில் செய்த சோதனை, மனித செல்லில் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை, பிறகு ஏன் 9606 என்று போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மரியாதையான கேள்வியும்கூட. அந்த அம்பைப் போட்டவர் பிஎச்.டி. முடித்து ஜெர்மனி போய்விட்டார். படிவத்தில் ‘தகவல் அனுப்ப’ என்று கொடுத்திருந்ததும் அவருடைய நிறுவன மின்னஞ்சல்தான். அவர் போன கொஞ்ச நாளில் அது மூடப்பட்டுவிட்டது. ஆக, அந்தக் கேள்வி வந்ததே யாருக்கும் தெரியாது. பேக்கப் சரிபார்க்கும்போது எதேச்சையாகக் குண்டூசி என் கண்ணில் பட்டது.

நான் என்ன செய்ய முடியும்? நிர்வாகி என்ற முறையில் அந்தக் கருத்தை அழிக்க முடியும். வரைபடத்தையே அழிக்கவும் முடியும். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதி கொடுக்கவும் பறிக்கவும் முடியும். ஆனால் அம்பு சரியா தவறா என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. பேராசிரியரிடம் போனேன். நல்ல மனிதர், “பார்க்கலாம் மேடம், புது ஜே.ஆர்.எஃப். வரட்டும்” என்றார். நிதி முடிந்துபோன புராஜெக்டுக்குப் புது ஜே.ஆர்.எஃப்., அதாவது உதவித்தொகை வாங்கும் இளநிலை ஆராய்ச்சியாளர், எப்படி வருவார்? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜெர்மனிக்குப் போன பையனுக்கு வாட்ஸ்அப்பில் நானே அனுப்பினேன். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டுரையை மறுபடி படித்து, மருத்துவர் சொன்னது சரி என்று திருத்திய கோப்பை அனுப்பினான். சம்பளமில்லாமல், நன்றி கூடச் சொல்ல ஆளில்லாமல் ஒருவன் செய்த வேலை அது. இப்போது அந்த மின்னஞ்சல் கட்டத்தில் துறையின் பொது முகவரியையும் சேர்த்துப் போடுகிறேன்.

மற்ற வேலைகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நிறுவியதும் வரும் நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றுவது, தரவுத்தளத்தைப் பேக்கப் எடுப்பது, எடுத்த பேக்கப் உண்மையிலேயே திரும்ப வருகிறதா என்று வேறொரு கணினியில் ஏற்றிப் பார்ப்பது, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகாமல் பார்ப்பது. 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்ற ஜாவா நிரல்தொகுப்பில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது ஜாவாவில் எழுதிய எதையும் நம்ப முடியாத நிலை. மினர்வாவும் ஜாவாதான். அந்த வாரம் தூக்கம் போனது என்னைப் போன்றவர்களுக்குத்தான், கைடுகளுக்கல்ல. அப்புறம் மின்சாரம். தங்கள் நாளிதழில் வரும் ‘நாளைய மின்தடை’ பகுதியை எங்கள் வீட்டில் தலைப்புச் செய்திக்கு முன்னால் படிப்பவள் நான். ஜெனரேட்டர் நிர்வாகக் கட்டடத்துக்கு உண்டு. சர்வர் அறைக்கு யூ.பி.எஸ். மட்டும்தான். அதற்கும் பேட்டரி வயதாகிவிட்டது.

அந்த பேட்டரியை ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். ஆராய்ச்சி நிதி வரும் விதத்தைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். கருவிகள், ஆள்பலம், நுகர்பொருள், பயணம், கன்டின்ஜென்சி என்று தலைப்பு தலைப்பாகப் பணம் வரும். சர்வர் ‘கருவிகள்’ தலைப்பில் வாங்கியது. மூன்று வருட வாரண்டி, மூன்று வருட புராஜெக்ட். இரண்டும் ஒரே சமயத்தில் முடிந்தன. பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பி, இறுதி அறிக்கையில் வரைபடத்தின் இணைய முகவரியை வண்ணப் படத்தோடு போட்டு, கணக்கை முடித்துவிட்டார்கள். அந்த முகவரி மறுநாளும் திறக்க வேண்டும் என்பது எந்தத் தலைப்பிலும் இல்லை. கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை குவியும், தினசரி விளக்குக்கு எண்ணெய் வாங்க ஆள் தேட வேண்டும் என்று என் மாமியார் சொல்வார். எங்கள் துறையைப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருக்கும்.

இது எங்கள் கூடத்தின் சிக்கல் மட்டுமல்ல. ஜப்பானில் பேராசிரியர் கனேஹிசா 1995-ல் தொடங்கிய, மரபணுக்களையும் செல்வினைகளையும் தொகுக்கும் ‘கெக்’ களஞ்சியம் இந்தத் துறையில் எல்லாருக்கும் தாய்வீடு மாதிரி. அரசு நிதி குறைந்ததால் 2011-ல் அதன் தரவை மொத்தமாக இறக்கிக்கொள்ளக் கட்டணம் வைக்க வேண்டிவந்தது. நம் நாட்டிலும் திறமைக்குக் குறைவில்லை. பெங்களூரு இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து மனிதப் புரதங்களின் தொடர்புகளைக் கட்டுரை கட்டுரையாகப் படித்துத் தொகுத்த தளம் உலகம் முழுக்கப் பயன்பட்டது. அதன் ஒன்பதாம் பதிப்பு 2010-ல் வந்தது. அதற்குப் பிறகு புதிய பதிப்பு வந்ததாகத் தெரியவில்லை. காசநோய்க்காக மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 2008-ல் தொடங்கிய திறந்தமூல மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டத்தில், காசநோய்க் கிருமியின் ஏறக்குறைய 4,000 மரபணுக்களைப் பற்றி அறிந்ததையெல்லாம் தொகுக்க நாடெங்கிலுமிருந்து நூற்றுக்கணக்கான மாணவர்கள் தன்னார்வமாக உழைத்தார்கள். தொகுப்பதற்கு இளைஞர்களைத் திரட்ட நமக்குத் தெரியும். தொகுத்ததைப் பத்து வருடம் கழித்தும் திருத்திக்கொண்டிருக்க ஒரு நிரந்தரப் பணியிடம் உருவாக்குவதில்தான் கை வராது.

பராமரித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கொரோனா காலம் ஓர் எடுத்துக்காட்டு. 2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, கோவிட்-19 நோய் வரைபடம் என்று ஒரு கூட்டு முயற்சி தொடங்கியது. சுமார் 30 நாடுகளிலிருந்து 200-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். வைரஸ் செல்லுக்குள் நுழைவது, பெருகுவது, உடலின் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையை அடக்குவது என்று ஆளுக்கொரு பகுதியை வரைந்தார்கள். அதில் கணிசமான பகுதி ஏறியது மினர்வாவில்தான். இரண்டு மாதத்துக்குள், மே மாதம், அந்த முயற்சியைப் பற்றிய கட்டுரையே அச்சாகிவிட்டது. எப்படி முடிந்தது? மென்பொருள் எழுதுபவர்களும் சர்வர் பார்ப்பவர்களும் கருத்துகளுக்குப் பதில் சொல்பவர்களும் அதற்குப் பல வருடம் முன்பே சம்பளத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தார்கள். தொற்று வந்த பிறகு டெண்டர் விட்டு ஆள் எடுக்கவில்லை.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. புதிதாகக் கட்டடம் வேண்டாம், மீத்திறன் கணினி வேண்டாம். நிதி கேட்கும் விண்ணப்பத்திலேயே, புராஜெக்ட் முடிந்த பின் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு இந்த இணையதளத்தை யார் பார்ப்பார், எந்தப் பணத்தில் என்று ஒரு கட்டம் இருக்கட்டும். அதை நிரப்பாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பட்டும். தனித்தனிக் கூடங்களால் முடியாதென்றால் பொது இடம் ஒன்று கொடுக்கலாம். ஃபரிதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. 4 பெட்டாபைட் கொள்ளளவு என்றார்கள். எங்கள் வரைபடமும் அதன் குறிப்புகளும் சேர்ந்து ஒரு பழைய பென்டிரைவில் அடங்கிவிடும். அந்த மையத்தின் ஓரத்தில் ஒரு மினர்வா சர்வரை ஓட்டி, நிதி முடிந்த புராஜெக்டுகளின் வரைபடங்களை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். இத்தகைய வரைபடங்களைச் சேமிக்க எஸ்.பி.எம்.எல். என்ற பொதுக் கோப்பு வடிவம் இருப்பதால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதும் கஷ்டமில்லை. நானே ஏற்றித் தருகிறேன்.

ஆனால் சர்வர் ஓடினால் மட்டும் வரைபடம் பிழைத்துவிடாது. கருத்துகளைப் படித்து, ஆதாரம் பார்த்து, அம்பைத் திருத்த ஓர் உயிரியல் படித்தவர் வேண்டும். வெளிநாட்டில் ‘கியூரேட்டர்’ என்று இதற்கெனவே பணியிடம் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் முடித்துவிட்டு மருந்து விற்பனைப் பிரதிநிதியாக அலைபவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலரைக் கேட்டாலும் சொல்வார். என்னிடம் ‘அக்கா’ என்று வந்து நிற்பவர்களில் இருவராவது இந்த வேலையைப் பிரமாதமாகச் செய்வார்கள். பழைய கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பைப் பிடித்துவிட்டால் விடமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போடாமல், எத்தனை அம்பைச் சரிபார்த்தார்கள், எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னார்கள் என்று பார்த்துச் சம்பளம் போட ஏற்பாடு வேண்டும்.

தங்கள் நிருபர் அடுத்த முறை ஏதாவது ஒரு துணைவேந்தர் புதிய தரவுத்தளத்தைத் தொடங்கி வைக்கும் விழாவுக்குப் போனால், பேட்டியில் இந்த ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: இதன் தகவல் முகவரியாக யாருடைய மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறீர்கள், அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது?

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்.
(பணியில் இருப்பதால் பெயரையும் நிறுவனத்தையும் தவிர்க்க வேண்டுகிறேன்.)